வீட்டு மியூசிக் பிளேயரை மேம்படுத்துவது எப்படி: வேலூரிலிருந்து ஒரு செய்முறை

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கும் டிஜிட்டல் மியூசிக் பிளேயருக்கு இப்போது பதினோரு வயது. வாங்கியபோது என் இரண்டு மாதச் சம்பளம் அதற்குள் போனது. வெளியே கறுப்பு அலுமினியப் பெட்டி. உள்ளே பாட்டுகளைச் சேமிக்கும் ஹார்டு டிஸ்க், ஒரு சின்னக் கணினி, எண்களை ஒலி அலையாக மாற்றும் டாக், எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெட்டியை ஆறு முறை திறந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூடியைப் பூட்டி, ஒயர்களைச் செருகி, விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், முதல் பாட்டு தொடங்கும் முன் இரண்டு நொடி அமைதி ஒன்று வரும். அந்த இரண்டு நொடிக்காகக் காத்திருப்பது எனக்குச் சிறுவயதில் தீபாவளிக்கு முந்தைய இரவு விழித்திருந்ததைப் போல.

நல்ல பிளேயர் ஒன்றை வாங்கியவர்களும், அண்ணனோ மாமாவோ கொடுத்த பழைய பிளேயர் கைக்கு வந்தவர்களும் என்னிடம் முதலில் கேட்பது, "இதில் எதை மாற்றலாம்?" என்றுதான். எதை மாற்றுவது என்பதைவிட எந்த வரிசையில் மாற்றுவது என்பது பெரிய கேள்வி. என் வரிசை இது: ஒலி உங்கள் காதுக்கு வந்துசேரும் இடத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மாற்றங்களுக்கு நடுவில் குறைந்தது ஒரு வாரம் பாட்டுக் கேளுங்கள். அவசரப்பட்டு மூன்றை ஒரே நாளில் மாற்றினால், எது நன்மை செய்தது, எது வீண் செலவு என்பது கடைசிவரை தெரியாது. மேம்படுத்துவதில் கிடைக்கும் சந்தோஷத்தில் பாதி அந்த ஒரு வாரத்தில்தான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு

1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி., ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுதிவைக்கிறது. அந்த அளவெடுப்பில் பாதி, அதாவது 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை அதில் பதியலாம். இளம் வயதுக் காது கேட்கும் எல்லையே ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ்தான். 16 பிட் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி. மின்விசிறி ஓடும் நம் வீட்டு அறையில் அந்த 96 டெசிபலையும் முழுதாகக் கேட்க வழியில்லை.

இதிலிருந்து ஒன்று விளங்கும். எண்களாக இருக்கும்வரை ஒலி பத்திரமாக இருக்கிறது. ஹார்டு டிஸ்கிலிருந்து வந்தாலும், சுழலும் பாகம் எதுவும் இல்லாத சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யிலிருந்து வந்தாலும், நூறு ரூபாய் ஒயரில் வந்தாலும் பத்தாயிரம் ரூபாய் ஒயரில் வந்தாலும், அதே எண்கள் டாக் வரை ஒழுங்காக வந்துசேர்ந்தால் பாட்டு அதேதான். மாற்றம் காதில் விழும் இடங்கள் வேறு: பதிவின் தரம், அறை, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், டாக்கிலிருந்து வெளிவரும் பகுதி, மின்சாரத்தோடு சேர்ந்து நுழையும் இரைச்சல். பணமும் உழைப்பும் அங்கே போகட்டும்.

படி ஒன்று: கேட்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம்

எதையும் தொடுவதற்கு முன் ஐந்து பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் பழகியவையாக இருக்க வேண்டும். என் ஐந்தில் ஒன்று தம்புராவோடு தொடங்கும் பாட்டு. நான்கு தந்திகளும் தனித்தனியாகக் கேட்கின்றனவா, மீட்டிய பின் எழும் ரீங்காரம் எங்கே கரைகிறது என்று பார்ப்பேன். இரண்டாவது ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம். வலந்தலையில் விழும் சாப்பு கூர்மையாக வர வேண்டும், இடப்பக்கமான தொப்பியில் கும்கி நாதம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று மறைக்கக் கூடாது. மூன்றாவது நாதஸ்வரமும் தவிலும். இது சாதாரண ஆம்ப்ளிஃபயரை ஒரே நிமிடத்தில் திணறவைத்துவிடும். நான்காவது எண்பதுகளின் திரையிசை ஒன்று, பேஸ் கிதாருக்காக. ஐந்தாவது வெறும் பேச்சு. மனிதக் குரல் பிசகினால் சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

கேட்டதை நோட்டில் எழுதுங்கள். "நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் பயன் இல்லை. "இரண்டாவது நிமிடத்தில் பாடகர் மூச்சு எடுப்பது கேட்கிறது", "தவிலின் கடைசி அடி அறை மூலையில் முழங்குகிறது" என்று எழுத வேண்டும்.

பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடவே கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். சத்தம் அரை டெசிபல் கூடியிருந்தால் காது அதைச் சத்தம் கூடியதாக எடுத்துக்கொள்வதில்லை, தெளிவு கூடியதாக எடுத்துக்கொள்கிறது. விற்பனைக் கடைகளில் விலை உயர்ந்த பெட்டி எப்போதும் வென்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். ஒரு மல்டிமீட்டரும், ஒரே சீராக ஒலிக்கும் சோதனைத் தொனி ஒன்றும் போதும். தொனியை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏ.சி. வோல்ட் அளவை எடுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உரசினால் ஆம்ப்ளிஃபயர் பாழாகும். முதல் பெட்டியில் 1.00 வோல்ட் காட்டினால், அடுத்ததிலும் 0.99-க்கும் 1.01-க்கும் நடுவில் வரும்படி ஒலியளவைத் திருப்புங்கள். பிறகு வீட்டில் ஒருவரை விட்டு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றிப் போடச் சொல்லுங்கள். என் மகள் இதை ஆர்வத்தோடு செய்வாள். பத்து முறையில் எட்டு ஒன்பது முறை நான் சரியாகச் சொன்னால்தான் அந்த மாற்றம் நோட்டில் ஏறும்.

படி இரண்டு: அறை

இதற்குப் பணம் வேண்டாம். நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட், மேலே கான்கிரீட். அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். சத்தம் "டிர்ர்" என்று அதிர்ந்து திரும்பினால், பிளேயரில் என்ன மாற்றினாலும் அந்த அதிர்வு எல்லாவற்றின் மேலும் பூசப்படும். தரையில் தடித்த ஜமக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி, ஜன்னலுக்குக் கனமான திரை. இவை போதும். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இழுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்கள் உட்காரும் இடமும் சம பக்க முக்கோணமாக இருக்கட்டும். காதும் ஸ்பீக்கரின் மேல் யூனிட்டும் ஒரே உயரத்தில் வரட்டும். இதைச் செய்த அன்று பாடகர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வந்து உட்கார்வார். அது வரைக்கும் பெட்டியைத் திறக்கும் ஸ்குரு டிரைவரை எடுக்காதீர்கள்.

படி மூன்று: வெயிலும் மின்சாரமும்

வெளியூர்க் கட்டுரைகளில் இந்தப் பகுதி இரண்டு வரியில் முடிந்துவிடும். வேலூரில், ராணிப்பேட்டையில், வாணியம்பாடியில் இதுதான் நடுநாயகம்.

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே யாருக்கும் செய்தி இல்லை. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் இரவு பத்து மணிக்கும் கூரை கொதித்துக்கொண்டிருக்கும். பிளேயருக்குள் உள்ள மின்னாற்பகுப்புக் கெப்பாசிட்டர்கள், மின்சாரத்தைத் தேக்கிச் சீராக விடும் சின்ன உருளைகள், வெப்பத்தைத் தாங்காதவை. 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குகள் எல்லாரும் அறிந்த கணக்கு. குளிர்ந்த நாட்டில் இருபது ஆண்டு உழைக்கும் பெட்டி இங்கே எட்டு ஒன்பது ஆண்டில் முணுமுணுக்கத் தொடங்குவதில் அதிசயம் இல்லை. ஆகவே பிளேயரைக் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேசுக்குள் வைக்காதீர்கள். மேலே நான்கு விரல் இடம் விடுங்கள். ஆம்ப்ளிஃபயரின் தலைமேல் ஏற்றாதீர்கள். மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அழகுக்காக மேலே விரித்த பூவேலைத் துணியை எடுத்துவிடுங்கள்.

எட்டாம் ஆண்டில் என் பிளேயரில் மெல்லிய உறுமல் ஒன்று கேட்க ஆரம்பித்தது. பாட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. ஆற்காட்டில் பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைக் கழற்றி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, "தம்பி, இங்கே பாருங்கள்" என்றார். பவர் சப்ளையில் வரிசையாக நின்ற கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலை மட்டும் லேசாக மேடு தட்டியிருந்தது. மற்றவை தட்டையாக இருந்தன. விரல் நுனியால் தடவினால்தான் வித்தியாசம் தெரியும். அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. "அண்ணே, இந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?" என்று கேட்டேன். "ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவை ஒன்றாகத்தான் ஓய்வு பெறும். வரிசையையே மாற்றிவிடலாம்" என்றார். 85 டிகிரிக்கு உரியவை இருந்த இடத்தில் 105 டிகிரி தாங்குபவற்றைப் போட்டார். கொள்ளளவு அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி மேலே, உயரமும் விட்டமும் பெட்டிக்குள் அடங்கும் அளவு. இந்த மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். நேர்முனை எது, எதிர்முனை எது என்று பார்த்துப் பற்றவைப்பது உயிர்நாடி. பற்றவைப்பதில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதை அப்படிப்பட்ட அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள். ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் இன்னும் இத்தகைய கைகள் இருக்கின்றன, அவர்களிடம் போய் நின்று பார்ப்பதே ஒரு படிப்பு.

உறுமல் முக்கால்வாசி போனது. மீதிக் கால்வாசி எர்த்திலிருந்து வந்தது. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எர்த் இணைப்பு சரியில்லாத வீட்டில் அந்த 50 ஹெர்ட்ஸ் ஓர் அடித்தொண்டை முனகலாக ஸ்பீக்கரில் வந்துவிடும். எர்த் குழி மண்ணின் ஈரத்தை நம்பி வேலை செய்வது. பாலாறு ஆண்டில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் நம் ஊரில் கோடையில் குழி காய்ந்து, எர்த் பெயரளவுக்குத்தான் இருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் போனால் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக் குழியில் கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம். இன்றும் சனிக்கிழமை காலையில் துளசிக்கு ஊற்றிய கையோடு அம்மா அந்தக் குழிக்கும் ஊற்றிவிடுவார். முனகல் போய்விட்டது. என் கணக்கில் இந்தப் பதினோரு ஆண்டில் செய்த மேம்பாடுகளிலேயே சிறந்தது இதுதான்.

முனகலை ஒழிக்க பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து. பிளேயர், ஆம்ப்ளிஃபயர், டி.வி. மூன்றையும் ஒரே பிளக் வரிசையில் செருகிப் பாருங்கள். டிஷ் ஆண்டெனா ஒயரைக் கழற்றியதும் முனகல் நின்றால் குற்றவாளி அங்கே இருக்கிறது. பிளேயரையும் வெளியே வைத்த டாக்கையும், எண்களை ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் ஒயரால் இணைத்தால் நடுவில் மின்தொடர்பே இல்லாததால் முனகல் அந்த வழியாக வர முடியாது.

இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டரில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் "ங்ங்" என்று பாடும். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறுவது வீட்டில் எல்லாப் பொருளுக்கும் நல்லது.

படி நான்கு: மென்பொருள்

சுருக்கமாகச் சொல்கிறேன். பிளேயரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். மின்தடை வரும் நேரத்தில் செய்யாதீர்கள், பாதியில் நின்றால் பெட்டி விழிக்காமலே போகலாம். விடியற்காலை ஐந்து மணிக்கு யு.பி.எஸ்.ஸில் செருகிச் செய்வது என் வழக்கம். வைஃபையை விட்டு ஈதர்நெட் ஒயருக்கு மாறுங்கள், நம் செங்கல் சுவர்களைத் தாண்டி வைஃபை திக்கித் திணறித்தான் வருகிறது. அமைப்புகளில் ஒலியைச் சமப்படுத்துவது, மறு அளவெடுப்பு, செயற்கையான பேஸ் கூட்டல் ஆகிய மூன்றையும் அணைத்துவிட்டு, கோப்பில் உள்ள எண்களை அப்படியே டாக்குக்கு அனுப்பும் நிலையில் வையுங்கள்.

படி ஐந்து: பெட்டியைத் திறப்பது

உத்தரவாதக் காலம் முடிந்ததா என்று பாருங்கள். முடியாவிட்டால் திறக்காதீர்கள். முடிந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்குங்கள். பிளக்கை உருவிவிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். 230 வோல்ட் ஏ.சி. உள்ளே நேர் மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் வரை ஏறும். அதைத் தேக்கிய கெப்பாசிட்டர் பிளக்கை எடுத்த பிறகும் அடிக்கும். பவர் சப்ளைப் பக்கம் கையே வைக்காதீர்கள்.

மேசைமேல் வெள்ளைப் பருத்தித் துணியை விரியுங்கள். விழுந்த திருகு தெரியும், உருளவும் உருளாது. எவர்சில்வர்க் கிண்ணங்கள் இரண்டு எடுத்து, மேல்மூடித் திருகுகளை ஒன்றிலும் உள்திருகுகளை இன்னொன்றிலும் போடுங்கள். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்திக்கு மாறுங்கள். நம் ஊரின் வறண்ட காற்றில் உடம்பில் நிலை மின்சாரம் எளிதில் சேரும். பெட்டியின் உலோக உடலைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள். ஒவ்வோர் ஒயரைக் கழற்றும் முன்பும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை திறந்தபோது உள்ளே ஒரு மெல்லிய சாம்பல் போர்வை இருந்தது. காற்றோட்டத் துளைகளுக்கு நேர் கீழே தடிப்பாகவும், ஓரங்களில் மெலிதாகவும், காற்று எந்த வழியாக வந்து போகிறது என்பதை வரைபடம் போலக் காட்டியது. மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளி எடுத்தேன். அதுவரை நன்றாகப் போனது. பிறகு முகப்புத் திரைக்குப் போகும் தட்டையான ரிப்பன் ஒயரை இழுத்தேன். அதன் வாயில் நகத்தால் தூக்கவேண்டிய ஒரு சின்னக் கறுப்புத் தாழ்ப்பாள் உண்டு என்பது எனக்குத் தெரியாது. தாழ்ப்பாள் உடைந்தது, திரை இருண்டது. சர்வீஸ் மையத்தில் போர்டையே மாற்ற வேண்டும் என்று பிளேயர் விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார்கள். ஆற்காட்டுப் பெரியவர் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஆப்பாக வெட்டிச் செருகினார். இன்றுவரை திரை ஒளிர்கிறது. ரிப்பன் ஒயரை இழுக்கும் முன் தாழ்ப்பாள் எங்கே என்று தேடுங்கள். அது மேலே தூக்குவதாக இருக்கும், அல்லது இரு பக்கமும் சம அளவில் வெளியே நகர்த்துவதாக இருக்கும்.

ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதுதான் புதியவர்கள் செய்யக்கூடிய எளிய மாற்றம். பாட்டின் ஒலி இதனால் மாறாது என்று மேலே சொன்னேன். ஆனால் சுழலும் தட்டின் சீறலும், தேடும் ஊசியின் "கட கட"வும் அறையிலிருந்து மறைகின்றன. இரவு பதினொரு மணிக்கு மெல்லிய ஆலாபனை கேட்பவர்களுக்கு அது பெரிய விஷயம். வெப்பமும் குறைகிறது. முதலில் பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி. வழியாகக் கணினியில் இணைத்து, குளோன்சில்லா போன்ற இலவச மென்பொருளால் அப்படியே புதியதற்கு நகலெடுங்கள். சில நிறுவனங்களின் பிளேயர்கள் தங்கள் சொந்த முறையில் வடிவமைத்த டிஸ்க்கை மட்டுமே ஏற்கும், கையேட்டில் இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எத்தனை டெராபைட் வேண்டும்? ஒரு மணி நேர சி.டி.யில் சுமார் 635 மெகாபைட். 2001-ல் வந்த ஃபிளாக் என்னும் சுருக்க முறை ஓர் எண்ணையும் இழக்காமல் அதை ஏறத்தாழ 350 மெகாபைட்டாக்கிவிடும். ஒரு டெராபைட்டில் இரண்டாயிரத்து ஐந்நூறு சி.டி.க்கு மேல் அடங்கும். பழைய டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள். அதுவே உங்கள் முதல் காப்புப் பிரதி. இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள். என் இரண்டாம் பிரதி காட்பாடியில் தங்கை வீட்டுப் பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருக்கிறது.

படி ஆறு: டாக்

பணத்தோடு வருபவர்கள் எல்லாரும் முதலில் தொட நினைப்பது இதை. நான் ஆறாவதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. இன்று நியாயமான விலையில் கிடைக்கும் டாக் ஒன்றின் இரைச்சல் நம் காதின் எல்லைக்கும் கீழே போய்விட்டது. பத்து ஆண்டு பழைய பிளேயரில் உள்ளே இருக்கும் டாக்கை விட்டு, வெளியே தனி டாக் வைத்தால் வித்தியாசம் கேட்கலாம். இரண்டு நல்ல புதிய டாக்குகளுக்கு நடுவே, ஒலி அளவைச் சமப்படுத்திக் கேட்டபோது, என்னால் ஒருமுறையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

டாக்கின் உள்ளே இருக்கும் சிப்பின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். 2020 அக்டோபரில் ஜப்பானில், டாக் சிப் தயாரிக்கும் ஏ.கே.எம். நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பிடித்தது. அந்த நிறுவனத்தின் சிப்பை நம்பியிருந்த பல பிளேயர் தயாரிப்பாளர்கள் வேறு சிப்புக்கு மாறவேண்டி வந்தது. நல்ல வடிவமைப்பாளர்கள் கையில் சிப் மாறிய பெட்டிகளும் நன்றாகவே பாடின. சிப்பைச் சுற்றியுள்ள பவர் சப்ளையும் வெளியீட்டுப் பகுதியும்தான் பாட்டைத் தாங்குகின்றன.

ஒப்பிடும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சாதாரண ஆர்.சி.ஏ. வெளியீடு பெரும்பாலும் 2 வோல்ட், மூன்று பின் உள்ள எக்ஸ்.எல்.ஆர். வெளியீடு பெரும்பாலும் 4 வோல்ட். இரண்டு மடங்கு என்றால் 6 டெசிபல் கூடுதல் சத்தம். மல்டிமீட்டர் இல்லாமல் ஒப்பிட்டால் எக்ஸ்.எல்.ஆர். வென்றுவிடும், அது வெறும் சத்தத்தின் வெற்றியாக இருக்கும்.

24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளை விலை கொடுத்து வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். கவனமாக மறுபடி தயாரித்த பதிவாக இருந்தால் வாங்குங்கள், எண் பெரிதாக இருப்பதற்காக வேண்டாம்.

பெரிய பெட்டியைத் திறக்கத் தயங்குபவர்கள் ராஸ்பெரி பை என்னும் சின்னக் கணினிப் பலகையை வாங்கி, அதன் 40 பின்களின் மேல் டாக் பலகை ஒன்றைச் செருகி, வோலுமியோ மென்பொருளை ஏற்றிக் கைப்பழகலாம். அதற்கு நல்ல 5 வோல்ட் அடாப்டர் வேண்டும். மலிவான செல்போன் சார்ஜரில் வோல்ட் 4.63-க்குக் கீழே இறங்கினால் பலகையே எச்சரிக்கை காட்டும்.

படி ஏழு: பாட்டுகளுக்குப் பெயர் சூட்டுவது

சி.டி.க்களை எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளால் ஃபிளாக் கோப்பாக எடுங்கள். அதே சி.டி.யை எடுத்த மற்றவர்களின் கணக்கோடு ஒப்பிட்டு, பிழை இல்லை என்று அது உறுதி சொல்லும். அடுத்து எம்.பி.3டேக் மென்பொருளில் விவரங்களைத் திருத்துங்கள். இணையத்திலிருந்து தானாக வரும் விவரங்கள் நம் இசைக்குப் பொருந்துவதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி என்ற ஒரே பெயர் இனிஷியலுக்கு நடுவே புள்ளியோடு, புள்ளி இல்லாமல், "க்ஷ்மி" என்று, "லட்சுமி" என்று நான்கு பேராகப் பிரிந்து பட்டியலில் நிற்கும். ஒரு வடிவத்தைத் தீர்மானித்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம் இவற்றுக்குத் தனித் தனி இடம் ஒதுக்குங்கள். திரையிசைக்கு இசையமைப்பாளரும் பாடகரும் தனித் தனியாக. மழை நாளில் "கல்யாணி" என்று தேடி, முப்பது ஆண்டு இடைவெளியில் ஐந்து பேர் பாடியதை வரிசையாகக் கேட்கும்போது, இதற்குச் செலவழித்த இரவுகள் ஒன்றுகூட வீண் இல்லை என்று தெரியும்.

படி எட்டு: கேசட்டுகள்

வட ஆற்காட்டு வீடுகளில் இன்னும் பரண்மேல் கேசட் பெட்டி இருக்கும். கடையில் வாங்கியவற்றை விடுங்கள், அவை வேறு எங்காவது கிடைக்கும். வீட்டிலேயே பதிவு செய்தவை மட்டும் முதலில் இறங்கட்டும்.

ஓடும் கேசட் டெக் ஒன்று, யு.எஸ்.பி. ஒலிப்பதிவு இடைமுகம் ஒன்று, ஆடாசிட்டி மென்பொருள். டெக்கில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், பஞ்சு வெள்ளையாகத் திரும்பும்வரை. 24 பிட்டில் பதியுங்கள், உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஹெட்டின் ஓரத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். நாடாவும் ஹெட்டும் நேருக்கு நேர் நிற்பதை அது தீர்மானிக்கிறது. வேறொரு டெக்கில் பதிந்த கேசட் மந்தமாக ஒலித்தால், இரு சானலையும் ஒன்றாக்கிக் கேட்டபடி அதை மிக மெல்லத் திருப்புங்கள். நாணயத்தின் விளிம்பளவு திருப்பியதும் தாளத்தின் ஓசை பனி விலகியதுபோல் பளிச்சென்று வரும். அந்த இடத்தில் கையை எடுத்துவிடுங்கள்.

1986-ல் கலவைப் பக்கம் ஒரு கிராமத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் நடந்த பாரதக் கூத்தை அப்பா தன் டேப் ரெக்கார்டரில் பதிந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அருகில் உட்கார்ந்து கேசட் மாற்றிக் கொடுப்பது என் வேலை. அந்த நான்கு கேசட்டுகளையும் முதலில் கோப்பாக்கியபோது முகவீணையும் ஆர்மோனியமும் ஒரே குழைசலாக இருந்தன, அடியில் அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல். கெப்பாசிட்டர் மாற்றி, எர்த் சரிசெய்து, ஹெட் திருகைத் திருப்பி மறுபடி எடுத்து, ஒரு மார்கழி இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போட்டேன். முகவீணை இடப்பக்கம் தனியாக எழுந்தது. கட்டியங்காரன் சொன்னதற்குக் கூட்டம் சிரித்தது, சிரிப்புக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது. முதல் பக்கம் முடியப்போகும் நேரம், பாட்டைவிட வெகு அருகில், மைக்குக்குப் பக்கத்தில் அப்பாவின் குரல்: "திருப்பிப் போடுடா, இன்னும் விடியவில்லை." அடுத்து பட்டன் மேலெழும் ஓசை. வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்ற அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். "இன்னொரு முறை போடு" என்றார்.

கோப்பாக்கும்போது கேசட் பக்கத்தின் முதல் பத்து நொடியையும் கடைசிப் பத்து நொடியையும் வெட்டிவிடாதீர்கள்.